நூல் கட்டிய அட்டைகள்

நான் பயந்த சுபாவம். ஹவுரா பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டால், பாலம் ஆடுகிறதா என்று காலால் தரையை அழுத்திப் பார்ப்பேன். லிஃப்டில் ஏறமாட்டேன். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், திருநெல்வேலிக்காரர், எதற்கும் அசராதவர். "ஒனக்குப் பயப்பட ஒரு காரணம் வேணும். கெடைக்கலேன்னா நீயே ஒண்ணு செஞ்சுக்கிடுவ" என்பார். ஒரே ஒரு தடவை அவர் சொன்னது அப்படியே பலித்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பவானிபூரில் ஒரு ஆராய்ச்சிக் கழகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. லேக் மார்க்கெட்டில் காய் வாங்கி வீட்டில் போட்டுவிட்டு மெட்ரோவில் ஏறினால் பத்து நிமிஷம். கழகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சந்துக்குள் ஒரு பழைய மாடி வீடு. கீழே நூலகம், மேலே அட்டைகள். கிராமம் கிராமமாகவும், ஊரைவிட்டு வந்தவர்கள் குடியிருக்கும் சந்துகளுக்கும் போய், ஜனங்களின் வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்த ஆய்வாளர்கள் பல வருஷமாகச் சேர்த்துவைத்தவை. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. மேல் மூலையில் சின்னதாக ஒரு போட்டோ. அதன் கீழே இங்கிலீஷில் டைப் அடித்த விவரம்: பெயர், ஊர், குலம், தொழில், அந்த ஆள் சொன்ன சங்கதி. அட்டையின் அடியில் ஒரு ஓட்டை. இழுப்பறையில் ஒரு பித்தளைக் கம்பி எல்லா ஓட்டைகளுக்குள்ளும் ஓடும், அட்டைகள் கலைந்துபோகாமல் இருப்பதற்காக.

சில அட்டைகளில் அந்த ஓட்டையில் சிவப்பு நூல் ஒன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கும். நூல் கட்டிய அட்டையை வெளியாளுக்குக் காட்டக்கூடாது. 'யாரிடமும் சொல்லிவிடாதே' என்று கேட்டுக்கொண்டு ஒருவர் சொன்ன சங்கதி அதில் இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதை வாயால் சொன்னார்கள். எந்தெந்த அட்டைக்கு நூல் என்று ரெஜிஸ்டர் எதுவும் கிடையாது. ரெஜிஸ்டர் ஒன்று இருந்தால் முதலில் அதைத்தானே எல்லோரும் புரட்டுவார்கள் என்று ஆரம்பத்திலேயே யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான், நூல் இருக்கும்வரைக்கும்.

நான் சேர்ந்த முதல் வருஷம் வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து நூல் கட்டிய அட்டை ஒன்றைக் கேட்டார். முடியாது என்றேன். கெஞ்சினார், பிறகு கத்தினார், கடைசியில் மேஜையைத் தட்டினார். எனக்குப் பயம்தான். ஆனாலும் இழுப்பறையைச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். சாயங்காலம் அதை வீட்டில் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நூலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று பின்னால் நான் சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆனபோது, வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் உதவி கழகத்துக்கு வந்தது. அத்தனை அட்டைகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட்டில் உலகத்துக்கே திறந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நல்ல மனிதர், ஆனால் ஒரு ஆள் எதிரில் இருந்தாலும் கூட்டத்துக்குப் பேசுவதுபோலத்தான் பேசுவார். "இந்த அலமாரிக்குள்ள இருக்கிறது அந்த ஜனங்களோட சொத்து. பூட்டி வைக்க நாம யாரு?" என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் அட்டைகளில் பூஞ்சை பூத்துக்கொண்டிருந்தது. அட்டைகளில் இருந்தவர்களின் பேரன் பேத்திகள் யாரும் அந்த மாடிப்படி ஏறி வந்ததே இல்லை. நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

ஸ்கேனர் வந்தது. அட்டையை ஒரு பக்கம் வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் துப்பும். இரண்டாம் நாளே ஒரு சிவப்பு நூல் உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டு மிஷின் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்து அதைப் பிரித்துச் சரிசெய்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் உருளையையே மாற்ற வேண்டிவரும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். நான் செயலாளரிடம் போய், நூல் கட்டிய அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டேன்.

அவர் ஏதோ கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம். அவங்கள்ல யாரு இன்னும் உயிரோட இருக்கப் போறாங்க? வெட்டிடுங்க" என்றார்.

நான் எதிர்பார்த்துப் போனதும் அந்தப் பதில்தான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். அந்த வெளிநாட்டு மாணவரிடம் காட்டிய தைரியத்தில் கால்பங்கு போதும். ஆனால் அன்று எதிரில் நின்றது அந்நிய ஆள். இது சம்பளம் கொடுக்கிற ஆள். மேஜைக்குத் திரும்பி வந்து, கைப்பையிலிருந்த சின்னக் கத்தரியை எடுத்து நூல்களை வெட்டினேன். ஒரு நாற்பது ஐம்பது இருக்கும். எண்ணவில்லை. வெட்டிய நூல்கள் குப்பைக்கூடைக்குப் போயின. கூட்டுகிற அம்மாள் மறுநாள் காலையில் கூடையைக் கொட்டிவிட்டாள்.

ஸ்கேன் செய்த பிறகு அட்டையில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டும், தேடினால் கிடைப்பதற்காக. டைப்பிஸ்டின் கண் எழுத்தைத்தான் பார்க்கும், சங்கதிக்குள் போகாது. அப்படிப் பழகினால்தான் வேகம் வரும். எனக்கு நல்ல வேகம். எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்கிறேன் என்று கம்பெனிக்காரர்கள்கூட மெச்சினார்கள். வெப்சைட் திறந்த அன்று எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு பெண் மாடியேறி வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. நர்சிங் ஹோமில் ஆயாவாக வேலை பார்ப்பவள் என்று பிறகு சொன்னாள். குடையை வெளியே சாய்த்துவைத்துவிட்டு, பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் மேஜையில் விரித்தாள். எங்கள் வெப்சைட்டிலிருந்து பிரிண்ட் எடுத்த பக்கம். அடியில் கழகத்தின் முகவரி. மேலே ஒரு இளம்பெண்ணின் போட்டோ.

"இது எங்கம்மா" என்றாள் வங்காளியில். "தீதி, இத எடுத்துடுங்க" என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

அப்போதுதான் அந்த அட்டையை நான் முதல்முறையாகப் படித்தேன். நானே அடித்த வரிகள். மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு கிராமம். அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் இறந்துபோக, இவள்தான் சூனியக்காரி என்று ஊர் கூடிச் சொல்லியிருக்கிறது. புருஷன் இல்லாதவள், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உள்ளவள். அடிக்க வருவதற்கு முன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, ஹவுராவில் வேறு பெயரில் இருக்கிறாள். பழைய பெயர், புதுப் பெயர், ஹவுராவில் சந்தின் பெயர், வீட்டு எண், எல்லாம் இருந்தன. கடைசி வரி: தான் இருக்கும் இடம் ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த வரியையும் நான் பிழையில்லாமல் அடித்து ஏற்றியிருந்தேன்.

 அவளை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். அவர்கள் ஊர்ப்பக்கத்துப் படித்த பையன்கள் எங்கள் வெப்சைட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தங்கள் ஜனங்களின் பழைய போட்டோக்கள் என்று சந்தோஷப்பட்டு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, வருஷாந்திரக் கூட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். தாத்தா பாட்டி முகங்களைப் பார்த்து ஜனங்கள் அழுதிருக்கிறார்கள். யாரோ ஒருவர், இந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க, இங்கிலீஷ் தெரிந்த ஒரு பையன் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான்.

"போன வாரம் ஊர்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. அம்மா வாசல்ல அரிசி பொடச்சிட்டிருந்தா. பின்னாலேர்ந்து பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷமா அந்தப் பேர யாரும் கூப்பிட்டதில்ல. அம்மா திரும்பிப் பாத்துட்டா."

"என்ன சொன்னாங்க?"

"மெரட்டி ஒண்ணும் சொல்லல. கூட்டத்துல படிச்சுக் கேட்டதச் சொன்னாங்க. நல்லா இருக்கியான்னு கேட்டாங்க. வீட்டுல யார் யார் இருக்கீங்க, பேத்தி எந்த ஸ்கூல்ல படிக்கிறா, நீ எத்தன மணிக்கு வேலைக்குப் போறேன்னு கேட்டாங்க. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, இந்தக் காகிதத்த வச்சிட்டுப் போனாங்க."

"போலீஸ்ல..."

"போலீஸ்ல போய் என்னன்னு சொல்ல? தண்ணி கேட்டுக் குடிச்சாங்கன்னா?" என்றாள். "அம்மாவோட நிலத்த இப்ப அவங்கதான் உழுதிட்டிருக்காங்க. அம்மா செத்துட்டான்னு நெனச்சிருந்தாங்க. இப்ப உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. இத யாரு தீதி ஏத்துனது?"

என் பின்னால் இழுப்பறைகள் இருந்தன. "கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க" என்றேன்.

அவள் தலையசைத்தாள். நம்பினாள். மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் போனதும் ஓடிப்போய் இழுப்பறைகளைத் திறந்தேன். இந்த ஒரு அட்டை என்றால், மற்ற நாற்பதோ ஐம்பதோ? எவை? எல்லா அட்டைகளிலும் ஓட்டை இருந்தது. நூல் கட்டியிருந்ததற்கு அடையாளமாக எதுவும் மிஞ்சவில்லை. கொத்துக் கொத்தாக எடுத்து ஓட்டையின் ஓரத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தேன், முடிச்சு அழுத்திய தடம் இருக்குமா என்று. ஒன்றும் தெரியவில்லை. நூல் இருக்கிறதே என்று, சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதை எல்லா அட்டையிலும் எழுதிவைக்கவும் இல்லை. யார் யாரெல்லாம் எங்கெங்கே ஒளிந்திருந்தார்களோ, அத்தனை பேரையும் வெளியே இழுத்து விட்டாயிற்று. அவர்கள் யார் என்று எனக்கே தெரியாது. 

செயலாளரிடம் சொன்னேன். அவர் முகமும் வாடிப்போயிற்று. ஆனால் கொஞ்ச நேரத்தில் சமாளித்துக்கொண்டார். ஒன்றை எடுத்தால் நாளைக்கு நூறு பேர் வருவார்கள், அறக்கட்டளையிடம் என்ன சொல்வது, இதைக் கமிட்டியில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கமிட்டி கூட இரண்டு மாதம் இருந்தது. "அதுக்குள்ள சம்பந்தப்பட்டவங்க ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டும். போட்டோல இருக்கிறது தான்தான்னு அடையாளச் சான்றோட" என்றார். பழைய பெயரை மறைக்கத்தான் அந்த அம்மாள் ஊரைவிட்டே ஓடி வந்தாள். அந்தப் பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபித்து அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் நூலை வெட்டின கை என்னுடையது. என் மேஜைக்குத் திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து வங்காளிப் பேப்பரில் மாவட்டச் செய்திகளை முதலில் பார்க்க ஆரம்பித்தேன். சூனியம் என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிடுவேன். பெயரைப் படித்துவிட்டு, அது இல்லை என்றதும் மூச்சு வரும். யாரோ ஒருத்தி அடிபட்டுச் செத்த செய்தியைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோமே என்று அடுத்த நிமிஷம் உறைக்கும். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் கவனித்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எப்போதும்போலக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதுக்கு நீ பயப்படத்தான் செய்யணும்" என்றார். அதைக் கேட்டதும் பயம் இன்னும் அதிகமாயிற்று.

வெப்சைட்டில் ஏற்றத்தான் எனக்குத் தெரியும். அழிக்கும் அதிகாரம் கம்பெனிக்காரர்களிடம் மட்டுமே இருந்தது. ஆனால் முன்பு ஒருமுறை ஒரே நம்பரை இரண்டு அட்டைகளுக்குத் தவறாகக் கொடுத்தபோது, முதலில் ஏற்றியது காணாமல் போய், அதற்காக நான் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒன்றும் எழுதாத புது அட்டை ஒன்றை ஸ்கேன் செய்து, அந்த அம்மாளின் அட்டை நம்பரைக் கொடுத்து ஏற்றினேன். பழையதை மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று அழுத்தியபோது விரல் வழுக்கியது, அவ்வளவு வேர்வை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளை அட்டை.

திங்கட்கிழமை லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து அந்த அம்மாளின் பழைய பெயரையும் ஊரையும் அடித்துத் தேடினேன். பக்கம்தான் வெறுமையாக இருந்தது. தேடலில் வந்த பட்டியலில் நான் அடித்த முதல் இரண்டு வரிகள் அப்படியே நின்றன. தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அவையும் மறைந்தன. ஆனால் கூட்டத்தில் கயிற்றில் தொங்கிய காகிதங்களை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது?

அந்தப் பெண் திரும்பி வரவேயில்லை. மூன்று வாரம் ஆயிற்று. அவள் வேலை செய்யும் நர்சிங் ஹோம் எது என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். கடைசியில் தாங்க முடியாமல், அட்டையை எடுத்துச் சந்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஒரு நாள் காலையில் ஹவுராவுக்குக் கிளம்பினேன். வெப்சைட்டிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஏற்றியதும் நான்தான் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் இதை வங்காளியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு நடுவில் அந்தச் சந்து ஒடுங்கிப் போயிற்று. முனையிலிருந்த டீக்கடையில் அந்த அம்மாளின் புதுப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி வாளியைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.  செத்துப்போய்விட்டாளா, அதனால்தான் சொல்லமாட்டேன் என்கிறார்களா? காகிதத்தைப் பார்த்து எண்ணைத் தேடிக்கொண்டே நடந்தேன். ஒரு கதவுக்கு முன்னால் நின்று எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அந்த அம்மாளின் மகள் வந்தாள். வாளி எடுத்துப் போனவள் பின்வாசல் வழியாகப் போய் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

"தீதி, நீங்களா?" என்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறாள் என்றாள். படத்தை எடுத்துவிட்டேன் என்றேன். அவள் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. பிறகு மறுபடி இறுகியது.

"நான் உங்களுக்கு வீட்டு அட்ரஸ் குடுக்கலயே?"

நான் கையிலிருந்த காகிதத்தை மடித்தேன். "அட்டைல இருந்துச்சு" என்றேன். "அத டைப் அடிச்சு ஏத்துனது நான்தான். கம்பெனிக்காரங்க இல்ல."

 கதவு கொஞ்சமாகத் திறந்தது. அந்த அம்மாள் நின்றிருந்தார். ஒல்லியான, கூன் விழாத உடம்பு. போட்டோவில் இருந்த அதே அகன்ற நெற்றி. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இவளும் ஊர்லேர்ந்து வந்தவளா?" என்று மகளிடம் கேட்டார். "அன்னிக்கு வந்தவங்க கையிலயும் காகிதம் இருந்துச்சே."

"இல்லம்மா. ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. ஏதோ கனமான பெட்டியை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கும் சத்தமும் கேட்டது. இத்தனை நாள் நான்தான் பயந்துகொண்டிருந்தேன். என்னைக் கண்டு ஒருவர் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன்.

மகள் என்னோடு சந்து முனைவரைக்கும் வந்தாள். அடுத்த மாதம் வேறு இடத்துக்குப் போகிறோம் என்றாள். எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டு அடக்கிக்கொண்டேன். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. நீ போம்மா, உனக்கு வேலைக்கு நேரமாகும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் போகவில்லை. பஸ் வந்து, நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தேன். அவள் பதிலுக்குக் கையசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். மரியாதைக்காகத்தான் வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நான் நிஜமாகவே போய்விட்டேனா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் அவள் அங்கே நின்றிருந்தாள்.